மகளுக்கும் இரண்டைக் கூட்டுக

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாயின் வயது அவளுடைய மகளின் வயதைப் போல் ஐந்து மடங்கு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்காக இருக்கும். எனில், இருவரின் தற்போதைய வயதைக் காண்க. காண்க என்றால் எங்கே போய்க் காண்பது. இந்தக் கணக்குப் புத்தகத்தில் வருகிற சனங்களைப் போல வேலைவெட்டி இல்லாதவர்களை நான் பார்த்ததே இல்லை. ஒருத்தன் ஒரு குழாயால் தொட்டியை நிரப்பிக்கொண்டே இன்னொரு குழாயைத் திறந்து விட்டுவிட்டு, எப்போது நிரம்பும் என்று நம்மைக் கேட்பான். ஒருத்தி பேனாவும் பென்சிலும் வாங்கி வந்து எது என்ன விலை என்று சொல்லாமல் ஆட்டம் காட்டுவாள். இங்கே ஒரு அம்மாவும் பெண்ணும். நேராக வாயைத் திறந்து எனக்கு இத்தனை, அவளுக்கு இத்தனை என்று சொல்லித் தொலைத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? பெற்றவளுக்குப் பிள்ளையின் வயது தெரியாதா? காலையில் இந்த அறை வாசலில் கண்காணிப்பாளர் சார் என்னை மறித்து, "பொண்ணுக்குத் துணையா வந்தீங்களா? பேரண்ட்ஸெல்லாம் கேட்டுக்கு வெளிய இருங்கம்மா" என்றார். ஜலதோஷக்காரர், பேச்சுக்குப் பேச்சு மூக்கைத் துடைக்கிறவர். "நான்தான் எழுதறன் சார்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அஞ்சலாட்சி, தனித்தேர்வர். போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அறை முழுக்கப் போன மார்ச்சில் கோட்டை விட்ட பெண்பிள்ளைகள். நடுவில் நான் ஒருத்தி, நரைக்குச் சாயம் பூசிக்கொண்டு.

சன்னலுக்கு வெளியே பலா மண்டி. ஆனி மாதத்தில் பண்ருட்டி முழுக்க ஒரே வாடைதான், பசிக்கவும் வைக்கும், குமட்டவும் வைக்கும். என் வீட்டுக்காரர் தனவேல் போன ஆனியில்தான் பலா மரத்திலிருந்து விழுந்தார். கால் கூடிவிட்டது, ஆனால் மரம் ஏறுகிற கால் அது இல்லை இனிமேல். அங்கன்வாடியில் நான் ஆயா. சோறு வடிப்பேன், முட்டை உரிப்பேன், மூக்கு சிந்தி விடுவேன். எங்கள் டீச்சரம்மா ஓய்வு பெறப் போகிறார். ஆயாவாக இருக்கிறவள் பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த வேலை அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் மேடம் வாயாலேயே சொல்லிவிட்டார். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். கணக்கு ஒன்றுதான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை முட்டி மோதியாயிற்று. இதுவரை எழுதியதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். எல்லாமே சரியாக இருந்தாலும் கரையேற இந்த ஒரு கணக்கு வேண்டும். இதை விட்டால் பதிலுக்கு எடுக்க வேறு கேள்வி கிடையாது.

தாயின் தற்போதைய வயது x என்க. மகளின் தற்போதைய வயது y என்க. இந்த என்க எனக்குப் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் அதற்கு ஒரு பெயரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவது. முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. தாயிலிருந்து நான்கைக் கழி, மகளிலிருந்து நான்கைக் கழி. x − 4 = 5(y − 4). கழிப்பதில் எனக்கு ஒரு தடங்கலும் வந்ததில்லை, பின்னால் போவது சுலபம், எல்லாம் பார்த்த இடம்தானே. மூன்று வயதில் என் மகளை ஆற்றுத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தை மாதம் ஐந்தாம் நாள், பெண்ணையாற்று மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், தனவேல் தோளில் அவள், அவர் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சிறுவள்ளிக் கிழங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி, ஒரு கடி கடித்துவிட்டு மண்ணாட்டம் இருக்கிறது என்று அப்பா தலையிலேயே துப்பினாள். இரண்டு வயதில் கதவிடுக்கில் விரலை விட்டுக்கொண்டது. ஒரு வயதில் என் தாலிச்சரட்டைச் சப்பிக்கொண்டே தூங்கியது. எத்தனை வேண்டுமானாலும் கழிக்கலாம். அடைப்பை நீக்கினால் 5y − 20. நான்கை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் x = 5y − 16. முதல் சமன்பாடு முடிந்தது. ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியாது. தெரியாதது இரண்டென்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும்.

இரண்டாவது வாக்கியம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின். x + 2 = 3y. இரண்டை அந்தப் பக்கம் தள்ளினால் x = 3y − 2. இரண்டு x-ம் ஒன்றுதான், சமப்படுத்து. 5y − 16 = 3y − 2. கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, டியூஷன் சொல்லித் தருகிற மணிமொழி பார்த்தால் சந்தோஷப்படுவாள். 2y = 14. y = 7. எழுதிவிட்டு அடிக்கோடு போடப் போன கை நின்றுவிட்டது. மகளின் வயது ஏழு. என் கையெழுத்து, நீல மை, ஏழு. முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ இறங்கியது. விசிறிக்காற்று என்று நினைத்தேன், என் தலைக்கு மேலே இருக்கிற விசிறி காலையிலிருந்தே ஓடவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளை நகத்தைக் கடிக்கிறது, ஒன்று கூரையைப் பார்க்கிறது, சார் மூக்கைத் துடைக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கேள்வியைத் தயார் செய்த ஆளுக்கு என் வீடு தெரியுமா? தெரியாது. எனக்கும் என் பெண்ணுக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம், இந்த அம்மாவும் பெண்ணும் வேறு யாரோ. ஆனாலும் ஏழு, ஏழு. அதன் பக்கத்தில் பெயரைக்கூட எழுதிவிடலாம் போலிருந்தது. இலக்கியா.

அன்றைக்குக் காலையில் அவளுக்குச் சடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னி முடித்து ரிப்பன் கட்டியாயிற்று. இன்னொரு பக்கம் சீப்பை வைத்தபோது, "தல வலிக்குதும்மா, ரொம்ப இழுக்கற" என்றாள். ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று நினைத்து, தலையில் ஒரு குட்டு வைத்தேன். தொட்ட விரலில் சூடு தெரிந்தது. மூளைக்காய்ச்சல் என்று சொன்னது மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில்தான். அங்கே போய்ச் சேர்ந்தபோதும் ஒரு சடை பின்னியும் ஒரு பக்கம் விரிந்தும்தான் இருந்தது. நர்ஸ் ஒருத்தி, "என்னம்மா, பிள்ள தலைய ஒழுங்கா வாரக்கூடாதா" என்றாள். அதற்கப்புறம் இந்த எட்டு வருடமாக அவள் அப்படியேதான் வருகிறாள். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, விடிகிற நேரத்துக் கனவில். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இன்னொரு பக்கம் போட்டு வுடு" என்பாள். நான் சீப்பைத் தேடுவேன். தேடிக்கொண்டே இருக்கும்போது முழிப்பு வந்துவிடும். சீப்பு கிடைத்துவிடக் கூடாது என்று ஒரு பயம் எனக்கு. கிடைத்து, பின்னி முடித்துவிட்டால் அப்புறம் எதற்கு வரப் போகிறாள்? இதை நான் தனவேலிடம்கூடச் சொன்னதில்லை. பேய் பிடித்துவிட்டது என்று எங்கேயாவது தாயத்து கட்டக் கூட்டிக்கொண்டு போவார். பேயாக இருந்தால்தான் என்ன, என் பிள்ளையின் பேய்.

சரி, பாதியில் நிற்கிறது, x என்ன? 3y − 2. இருபத்தொன்றில் இரண்டு போனால் பத்தொன்பது. தாயின் வயது பத்தொன்பது, மகளின் வயது ஏழு. அப்படியென்றால் அந்த அம்மா பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாள். சட்டையில் இங்க் கொட்டிக்கொண்டு ஆறாவது ஏழாவது படிக்கிற வயது. அரசாங்கம் கேட்கிற கேள்வியில் அப்படியெல்லாம் வராது. எங்கேயோ பிசகிவிட்டது. எங்கே என்று தேட வேண்டியதில்லை. எனக்குத் தெரியும், எப்போதும் அதே இடம்தான். x + 2 = 3y. அம்மாவுக்கு இரண்டு கூட்டியிருக்கிறேன். மகளுக்குக் கூட்டவில்லை. டியூஷனில் ஒவ்வொரு வயதுக் கணக்கிலும் நான் இங்கேதான் விழுவேன். மணிமொழி பி.எட். முடித்த பெண், வடலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "அக்கா, பாருங்க, அம்மாவுக்கு மட்டும் வயசு ஏறிக்கிட்டே போகுது. பொண்ணு ஜாலியா அப்படியே நிக்கிறா. ரெண்டு பேருக்கும்தானேக்கா வருசம் போகும்?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். "கழிக்கும்போது கரெக்டா ரெண்டு பேருக்கும் கழிக்கிறீங்க. கூட்டும்போது மட்டும் எப்படிக்கா மறந்து போறீங்க?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. வயதுக் கணக்குக்கு ஒரு சூட்சுமமும் சொல்லித் தந்தாள். எத்தனை வருடம் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறவே மாறாதாம், அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாமாம். என் வீட்டில் மாறியது. இருபத்திரண்டாக இருந்தது இப்போது முப்பது. வருடா வருடம் நான் அவளைவிட்டு ஒரு வருடம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். கன்னியாகப் போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குச் சாமி. புதுப் பாவாடை சட்டை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மடித்துப் படையலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்திவிடுவோம். ஜவுளிக்கடைக்காரர் ஒவ்வொரு வருடமும், "எத்தனை வயசுப் பிள்ளைக்குங்க?" என்று கேட்பார். ஏழு என்பேன். தவறாமல் ஏழு. முதல் இரண்டு வருடம் என் நாத்தனார் மகளுக்கு உடுத்தினோம். அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பற்றவில்லை, அது வளர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளையாகப் பார்த்துக் கூட்டிவந்து உடுத்துகிறோம். போன பொங்கலின்போது தனவேல் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "இருந்தா இந்நேரம் பெரிய மனுஷியாயிருப்பா. தாவணியா எடுத்துட்டு வாயேன் அஞ்சல" என்றார். எனக்கு வந்ததே கோபம். என்னவெல்லாமோ பேசிவிட்டேன். மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கன்வாடி வேலை எனக்கு ஒத்துப்போவதற்குக்கூட அதுதான் காரணமோ என்னவோ. அங்கே யாரும் வளர்வதில்லை. ஐந்து வயதானால் ஒன்றாவதுக்குப் போய்விடுவார்கள், அந்தப் பாயில் இரண்டு வயதும் மூன்று வயதுமாக வேறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரிபார்த்தல் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மதிப்பெண் உண்டு. இந்தப் பத்தொன்பதையும் ஏழையும் வைத்தே பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பதினைந்து, பிள்ளைக்கு மூன்று. ஐந்து மடங்கு. சரி. இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு இருபத்தொன்று. பிள்ளைக்கு? பிள்ளை ஏழிலேயே நின்றால் மூன்று மடங்கு. அதுவும் சரி. நான் போட்ட கணக்கில் பிசகே இல்லை, பிள்ளை வளராமல் இருந்தால் போதும். இப்படியே விட்டுவிட்டால் என்ன? எட்டு வருடம் இந்தக் கணக்கில்தானே குடித்தனம் நடத்தினேன். யாருக்கு என்ன கெட்டுப் போனது? திருத்துகிறவர் சிவப்பு மையில் ஒரு சுழி போடுவார், டீச்சர் வேலைக்கு எங்கிருந்தாவது ஒருத்தி வருவாள், நான் அவளுக்கு ஆயாவாக முட்டை உரித்துக்கொண்டிருப்பேன், தனவேல் முடியாத காலை வைத்துக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். ஆனால் விடிகாலையில் அவள் வருவாள். இந்தப் பேனாவால் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டால் அப்புறம் வரமாட்டாள் என்று என் நெஞ்சு அடித்துச் சொல்கிறது. பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது. தெரிந்து என்ன, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆன்ட்டி, மணி என்ன?" பக்கத்து வரிசைப் பெண் கிசுகிசுத்தாள். திரும்பினேன். அவளை நான் காலையிலிருந்து சரியாகப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன், அந்த வயதுப் பெண்களைக் கண்டால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். நெற்றியில் பரு. மேலுதட்டில் பூனைமுடி. ரோஸ் நிற நகப்பூச்சு பாதி உரிந்து, உள்ளங்கையில் பேனாவால் என்னவோ பூ வரைந்து வைத்திருக்கிறாள். "அங்க என்ன பேச்சு?" என்று சார் அதட்ட, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள், குனிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்குள் வியர்வையும் பவுடரும் கலந்த ஒரு வாசம் அவளிடமிருந்து வந்தது. வளர்ந்த பெண்ணின் வாசம். இலக்கியாவுக்குப் பரு வந்திருக்கும். கிள்ளாதேடி என்று கத்தியிருப்பேன். கணக்கில் அவளும் என்னைப் போலத்தான் கோட்டை விட்டிருப்பாள், இந்த அறையில் இந்த பெஞ்சில் இதே ஜூலையில் உட்கார்ந்து கையில் பூ வரைந்துகொண்டிருப்பாள், நான் கேட்டுக்கு வெளியே துணைக்கு நின்றிருப்பேன். ஏழு வயதில் நிறுத்தி வைத்தது அவள் ஒருத்தியைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பதினொன்று, எத்தனை இலக்கியாக்களை நான் வாசலிலேயே நிற்க வைத்து உள்ளே விடாமல் இருந்திருக்கிறேன். நினைக்கக்கூட விடவில்லையே. தாள் நனைந்தால் மை பரவும் என்று முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டேன்.

முன்னெச்சரிக்கை மணி அடித்தார்கள். தாளை நூலால் கட்டச் சொல்லி சார் குரல் கொடுக்கிறார். கீழே இடம் இருந்தது. எழுதினேன். x + 2 = 3(y + 2). y-க்குப் பக்கத்தில் அந்தக் கூட்டல் குறியைப் போடும்போது அடிவயிறு கவ்விப் பிடித்தது, பேறுகாலத்தில் பிடித்த மாதிரி. விடாமல் எழுதினேன். 3y + 6. x = 3y + 4. 5y − 16 = 3y + 4. 2y = 20. y = 10. x = 34. பத்து வயது. பத்து வயதில் அவள் எப்படி இருந்திருப்பாள்? முகம் வரவில்லை. கொஞ்சம் நீண்டிருக்கும், தனவேலின் தாடை வந்திருக்கும், தானே சடை போட்டுக்கொண்டிருப்பாள். என்னிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருப்பாள். முகம் தெரியாத ஒரு பிள்ளை, ஆனால் என் பிள்ளை. நான்கு வருடத்துக்கு முன்னால் முப்பதும் ஆறும், ஐந்து மடங்கு. இரண்டு வருடம் கழித்து முப்பத்தாறும் பன்னிரண்டும், மூன்று மடங்கு. சரிபார்க்கப்பட்டது என்று எழுதினேன்.

இப்போது இரண்டு விடையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே ஏழு, கீழே பத்து. இரண்டையும் விட்டுவைத்தால் முதலில் இருப்பதைத்தான் திருத்துவார்கள், வேண்டாததை ஒரு கோடு போட்டு அடித்துவிடணும்க்கா என்று மணிமொழி சொல்லியிருந்தாள். அன்றைக்கு இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் தெருமுனை வரைக்கும்தான் போனேன். பெண்கள் அதற்கு மேல் வரக்கூடாது என்று தனவேலின் பெரியப்பா கையை நீட்டி மறித்தார். குழியை எங்கே வெட்டினார்கள், தலை எந்தப் பக்கம் இருந்தது, யார் முதலில் மண் போட்டது, எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்காததை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று இத்தனை காலத்தை ஓட்டிவிட்டேன். இங்கே என்னை மறிக்க யாரும் இல்லை. ஏழின் மேல் பேனாவை வைத்தேன். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு கோடு, என் கையாலேயே. சார் வந்து தாளை இழுத்தார். "எல்லாம் எழுதிட்டீங்களாம்மா?" என்றார். "எழுதிட்டன் சார்" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "பொண்ணுக்குப் பத்து வயசு சார்." விடையைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அதெல்லாம் வெளிய போய்ப் பேசிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.